பழைய பில்டர் எங்கே?

“உங்கட அத்தான்ர கார் ஒயில் பில்டரைத் தளர்த்தி விட்டது நீங்கள்தானே?”

நஜ்முன் நிஸா இந்தக் கேள்வியைக் கேட்ட இடம் சரியில்லை, நேரமும் சரியில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் அந்தக் கராஜில் காலை வேலை சூடுபிடித்திருந்தது. லொறிக்காரர் ஒருவர் அவசரத்தில் நின்றார். ஓட்டோக்காரர்கள் வரிசையில் இருந்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வடையைக் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு பேர் முன்னால் கேள்வியைத் திடீரென்று போட்டால் குற்றவாளியின் முகமே பதில் சொல்லிவிடும் என்பது நிஸாவின் கொள்கை. காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக நொறுங்கிய வாகனங்களைப் பார்த்துத் திரிந்த காலத்தில் அது சில தடவை பலித்தும் இருக்கிறது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கந்தோர் புதிது, கொள்கை மட்டும் பழையது.

கராஜ் சொந்தக்காரன் இராகுலன் கம்பிரசரை நிறுத்தினான். கையைத் துணியில் துடைத்தான். அவனுடைய முகம் நிஸா எதிர்பார்த்த எந்த நிறத்துக்கும் மாறவில்லை.

“மிஸ், கண்டி ரோட்டில அந்தக் கார் நிண்டபோது உள்ளுக்க என்ர அக்காவும் இருந்தவ” என்றான். “அக்காவின்ர மகளும் இருந்தவள். பின்னேரம் யானை கடக்கிற இடம் அது.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அவளுடைய உதவியாளன் சசிகூடத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் தொட்டது பின் சில்லு பிரேக் மட்டும்தான். பில்டர் முன்னுக்கு எஞ்சினோட இருக்கு. இன்னும் ஏதும் கேக்க இருக்கெண்டா கேளுங்கோ. இல்லாட்டி இந்த லொறிக்காரர் கனநேரமாப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இருவரும் வெளியே வந்து சசியின் ஓட்டோவில் ஏறினார்கள். ஏறும்போது தேத்தண்ணிக் கடையில் யாரோ, “அப்ப அவன்தான் செய்திருக்கிறான் போல” என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. தன் கேள்வி அந்த மனிதனுக்கு என்ன செய்துவிட்டது என்று நிஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ராத்தா” என்றான் சசி. முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடும் விதத்தில்தான் அவன் அவளைக் கூப்பிடுவான். “உங்கட கொள்கைக்கும் ஒருக்கா ஒயில் மாத்திறது நல்லம்.”

“வாயை மூடிக்கொண்டு ஓட்டு.”

“ரெண்டையும் ஒரே நேரத்தில செய்ய ஏலாது. எண்டாலும் முயற்சி செய்யிறன்.”

வழக்கு இவ்வளவுதான். துறைமுகக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருக்கும் குணமணி தன் காருக்குத் தானே எஞ்சின் ஒயில் மாற்றுகிறவர். போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டார். படித்த நாளிலிருந்து மைத்துனன் இராகுலனிடம் ஒயில் மாற்றப் போவதில்லை. போகாததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் அதைச் சொல்லியும் திரிந்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயிலையும் பில்டரையும் மாற்றினார். அதற்குப் பிறகு பின் சில்லு பிரேக்குக்காகக் கார் ஒரு தடவை இராகுலனின் கராஜுக்குப் போய் வந்தது. அடுத்து, மகளின் கலியாண அழைப்பிதழ் கொடுக்கத் தம்பலகாமத்துக்குக் குடும்பமாகப் புறப்பட்டார்கள். கண்டி வீதியில் வேகம் பிடித்த கொஞ்ச நேரத்தில் டாஷ்போட்டில் சிவப்பு லைட் எரிந்தது. எஞ்சின் கடகடவென்று அடித்து இறுகி நின்றது. ஒயில் முழுவதும் பில்டர் பக்கத்தால் றோட்டில் ஊற்றியிருந்தது.

குணமணி அடுத்த நாளே கராஜுக்குப் போய், வந்தவர் போனவர் எல்லாரும் கேட்க, “நான் உன்னட்டை ஒயில் மாத்த வரேல்லை எண்டுதானே இந்த வேலை பாத்தனி?” என்று கத்தினார். மகளின் கலியாணத்துக்குத் தாய்மாமன் வாசலும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் கதைபேச்சு நின்றது. கலியாணம் வருகிற வாரம்.

நிஸாவிடம் வந்தது அந்த அக்காதான். தபாற்கந்தோரில் வேலை செய்யும் மதிவதனா. “என்ர தம்பி செய்திருந்தா அதைச் சொல்லுங்கோ, நான் அவனை மறந்துபோறன்” என்று சொன்னாள். “அவன் செய்யேல்லை எண்டா, அதையும் என்ர வீட்டில வந்து சொல்லுங்கோ.”

*

அன்புவழிபுரத்தில் குணமணியின் வீட்டு முற்றத்தில் அந்தச் சாம்பல் நிறச் சின்னக் கார் கட்டி இழுத்து வந்து விட்டபடியே நின்றது. அதன் நிழலில் மான் ஒன்று படுத்துக் கிடந்தது. ஊருக்குள்ளேயே திரியும் திருகோணமலை மான்களுக்கு வழக்கு வம்பு ஒன்றும் கிடையாது.

“இதுதான் முக்கிய சாட்சியோ?” என்றான் சசி மானைப் பார்த்து. மான் எழுந்து போனது. சசி ஒரு சாக்கை விரித்துக் காருக்குக் கீழே புகுந்தான்.

குணமணி கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். சேட்டுப் பையில் இரண்டு பேனை. “மிஸ், ஒயில் மாத்திறது பெரிய வித்தை இல்லை. ஆனா ஒழுங்கு வேணும். முதல்ல எஞ்சினைக் கொஞ்சம் ஓட விட்டு ஒயிலை இளகப் பண்ணவேணும். காரைத் தூக்க ஜக் மட்டும் போதாது, கீழ கல்லும் குடுக்கவேணும். எஞ்சின் அடியில இருக்கிற சம்ப் நட்டைக் கழட்டிப் பழைய ஒயிலைச் சட்டிக்க வடிய விட்டு, பிறகு பில்டரைக் கழட்டவேணும். புதுப் பில்டரின்ர றப்பர் வளையத்தில ஒயிலைத் தடவிக் கையாலதான் இறுக்கவேணும். ஸ்பானரால இறுக்கிறவன் மடையன்.”

“அண்டைக்கும் அப்பிடித்தான் செய்தனீங்களோ?”

“அப்பிடியேதான். பிறகு எஞ்சினை ஓட விட்டு, படுத்துக் கிடந்து பாத்தனான். ஒரு துளி ஒழுக்கு இல்லை. அதுக்குப் பிறகும் டவுனுக்குள்ள ஓடினனான். கராஜுக்குப் போய் வந்த பிறகுதான் இந்த வினை.”

சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. இவ்வளவு ஒழுங்கான ஆள் ஏன் தன் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறார் என்பது மட்டும்தான் நிஸாவுக்குப் பொருந்தவில்லை.

“ராத்தா!” காருக்குக் கீழிருந்து குரல் வந்தது. “இஞ்ச முழுக்க ஒயிலும் புழுதியும் சேந்து கறுப்புக் களி. ஆனா பில்டர் மட்டும் முகம் கழுவிப் பவுடர் போட்டிருக்கு.”

“தளர்வா இருக்கோ?”

“இல்லை. நல்ல இறுக்கம்.”

நிஸா திரும்பினாள். “கார் வந்த பிறகு ஆரும் தொட்டதோ?”

“ஒருத்தரும் தொடேல்லை” என்றார் குணமணி. பதில் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஒயில் முழுவதையும் வெளியே விட்ட பில்டர் இப்போது இறுக்கமாக இருக்கிறது. சுற்றிலும் களி, அது மட்டும் சுத்தம். யாரோ கழற்றியிருக்கிறார்கள், துடைத்திருக்கிறார்கள், திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். இராகுலனுக்கு இந்த வாசல் தடை. அப்படியென்றால் யார்? நிஸா வாயைத் திறக்கப்போய் மூடிக்கொண்டாள். காலையில் வாயைத் திறந்து பட்டது போதும்.

“அண்டைக்குக் கழட்டின பழைய பில்டர் எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

குணமணி பேனையை எடுத்து மூடியைக் கழற்றித் திரும்பப் போட்டார். “அது... குப்பைக்கு எறிஞ்சாச்சு.”

மதிவதனா அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கோப்பைகளை வைத்தபடி, புருசனைப் பார்க்காமலே சொன்னாள். “சின்னப்போடி அண்ணைக்கெல்லோ குடுத்தனீங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குத்தானே குடுக்கிறனீங்கள்.”

“ஓ... ஓம். மறந்துபோனன்.”

தேத்தண்ணி நன்றாகவே இருந்தது. குணமணி மட்டும் குடிக்கவில்லை.

*

“பழசை ஏன் தேடுறம்?” என்று கேட்டான் சசி. ஓட்டோ கடற்கரைப் பக்கம் திரும்பியது.

“புதுசு முகம் கழுவிப்போட்டுது. பழசு கழுவியிருக்காது.”

“இப்பிடி ஒரு வசனம் சொல்லத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு திரியிறீங்கள் போல.”

சின்னப்போடி வெருகல் பக்கத்து ஆள். கலியாணம் முடித்து இங்கே வந்து, உட்துறைமுகக் கரையில் வள்ளம் வைத்து நண்டு வலை விடுகிறார். அவருடைய கொட்டிலின் தூண்களெல்லாம் பழைய எஞ்சின் ஒயில் பூசிக் கறுத்திருந்தன, கறையான் வராமல் இருக்க. வாசலில் பழைய பில்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சீமெந்து நிரப்பி, கம்பிக் கொளுக்கி வைத்திருந்தார். வலைக்குப் பாரம்.

“ஈயப் பாரத்துக்கு ஆர் காசு குடுக்கிற, மகள்?” என்றார். “இது சும்மா வருது, கடலுக்க நல்லாவும் நிக்குது. கிளாக்கர் ஒயில் மாத்துற அண்டைக்கு எனக்குச் சொல்லி விடுவார். நான் போய் எடுத்துக்கொண்டு வருவன்.”

“போன முறையும் நீங்கள்தான் போனதோ?”

“ஓம். அண்டைக்குச் சோளகக் காத்து எழும்பப் பாக்குது, வலை கடலுக்க கிடக்கு. கெதியாத் தாங்க எண்டு ரோட்டில நிண்டு கத்தினன். மனிசன் காருக்குக் கீழ கிடந்தபடியே கழட்டிக் கையில தந்தார். சூடு ஆறேல்லை. சாக்கில சுத்திக்கொண்டு ஓடி வந்தன்.”

“அது எது?”

அவர் ஓரத்திலிருந்த நீலப் பில்டரைக் காலால் தட்டிக் காட்டினார். நிஸா குனிந்து எடுத்தாள். கனத்தது. திறந்த பக்கம் சீமெந்து மேவியிருந்தது. ஆனால் விளிம்பைச் சுற்றி றப்பர் வளையம் உட்காரும் பள்ளம் அப்படியே தெரிந்தது. பள்ளத்துக்குள் வளையம் இல்லை.

“வளையத்தை நீங்கள் கழட்டினீங்களோ?”

“வழமையாக் கழட்டுறதுதான்.” அவர் சாய்த்து வைத்திருந்த வலை அடையாளக் கொடிக்கம்புகளைக் காட்டினார். ஒவ்வொரு கம்பிலும் மிதவைக்குக் கீழே ஒரு கறுப்பு றப்பர் வளையம் இறுக மாட்டியிருந்தது. “மிதவை வழுக்காது. கிளாக்கர்ட பில்டர் ஒவ்வொண்டிலயும் ஒண்டு வரும். இந்த முறை மட்டும் இல்லை. வழியில விழுந்துபோட்டு எண்டு நினைச்சன்.”

கடைசிக் கம்பில் மிதவையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நிஸா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சசி, அது வழியில விழேல்லை. எஞ்சினோட ஒட்டிக்கொண்டு நிண்டிட்டுது. கனநாள் சூட்டில கிடந்த றப்பர், பில்டரைக் கழட்டேக்க சில நேரம் அப்பிடி மேல ஒட்டி நிக்கும். பழைய பில்டரைத் திருப்பிப் பாத்தா உடன தெரியும். கிளாக்கர் பாக்கமுதலே அது சாக்குக்குள்ள போயிட்டுது. புதுப் பில்டரை அதன்ர வளையத்தோட பழைய வளையத்துக்கு மேல பூட்டியிருக்கிறார். ரெண்டு றப்பர். மெள்ள ஓடினா தாங்கும். கண்டி ரோட்டில வேகம் பிடிக்க, ஒயில் தள்ளின தள்ளில ஒண்டு பிதுங்கி வெளியில வந்திட்டுது.”

“அப்ப ஆரும் தளர்த்தேல்லை.”

“இல்லை. வலை கடலுக்க கிடந்த அவசரம், அவ்வளவுதான்.”

சசி முகம் மலர்ந்தான். “அப்ப வழக்கு முடிஞ்சுது. கிளாக்கருக்குத் தெரியாம நடந்த பிழை. போய்ச் சொல்லுவம், மாமன் கலியாணத்துக்கு வரட்டும், நாங்களும் ஒரு பந்தியில இருப்பம்.”

“தெரியாமலோ?” என்றார் சின்னப்போடி. பாரம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். “மகள், நீங்க ரெண்டாவது ஆள். கார் நிண்டு கொஞ்ச நாளுக்குப் பிறகு கிளாக்கரும் வந்தவர். இந்த நீலத்தைத் திருப்பித் தா எண்டார். சீமெந்து இறுகிப்போச்சு, கொத்தினாலும் வராது எண்டன். வேற பாரம் வாங்கித் தாறன், இதைத் தா எண்டு நிண்டார். எனக்கு விளங்கேல்லை. முழுசா வேர்த்திருந்தார் மனிசன்.”

சசி ஓட்டோப் பக்கம் திரும்பினான். அவனிடம் பகிடி தீர்ந்துபோவதை நிஸா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கத்தியபோது குணமணிக்குத் தெரியாது. அது கோபம், அதைப் பொறுக்கலாம். முற்றத்துக்கு வந்த காரில் பில்டரைக் கழற்றி, பிதுங்கிய வளையத்தைக் கண்ட நிமிடத்திலிருந்து தெரியும். தெரிந்த பிறகு துடைத்தார், பூட்டினார், இங்கே வந்து கெஞ்சினார். ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. இராகுலனிடம் போய் அதைச் சொல்லவில்லை.

ஆனால் அவரைத் திட்ட நிஸாவுக்கு வாய் எழவில்லை. அதே கராஜில் அதே ஆட்களுக்கு முன்னால் அதே பழியை அவளும்தான் இன்று காலை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

*

இப்படிப்பட்ட முடிவுகளை வெற்றியோடு சொல்வது நிஸாவின் வழக்கம். இன்றைக்குக் குணமணி வீட்டுப் படியில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. முன் அறையில் அவர் கலியாண அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தார். நிஸா அவரைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். மதிவதனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்கட தம்பி செய்யேல்லை” என்று மெதுவாகச் சொன்னாள் நிஸா. “மற்றதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. உங்கட அவர்...”

மதிவதனா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சீரகப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, சீரகத்துக்குள் புதைந்திருந்த ஒன்றை எடுத்து நிஸாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கறுப்பு றப்பர் வளையம். ஒரு பக்கம் நசிந்து பிதுங்கியிருந்தது.

“இது என்னெண்டு எனக்கு முதல்ல விளங்கேல்லை” என்றாள். “அடுத்த முறைக்கு இவர் வாங்கி வைச்ச புதுப் பில்டரைப் பெட்டியில பாத்துத்தான் விளங்கினது.”

ஊரைச் சுற்றிக் கண்டுபிடித்ததை இந்த மனிசி சீரகப் போத்தலுக்குள் வைத்திருந்திருக்கிறாள். அந்தக் காலைத் தேத்தண்ணியும், ‘சின்னப்போடி அண்ணைக்கெல்லோ’ என்ற சொல்லும் இப்போதுதான் விளங்கின.

“தெரிஞ்சுகொண்டு என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

“நான் நீட்டினா ஓம் எண்டுவார். அது நான் பிடிச்சதாப் போயிடும், அவர் சொன்னதாகாது. வெளியாள் ஒருத்தர் வந்து கேட்டுத் திரிஞ்சா, பிடிபடமுதல் தானே சொல்லிப்போடுவார் எண்டு நினைச்சன்.”

வாசலில் ஒரு பேனை விழுந்த சத்தம் கேட்டது. குணமணி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நிஸாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். முகத்தில் இருந்த கிளாக்கர் இறங்கிப்போய், வயதான ஒரு மனிதர் மட்டும் மிஞ்சினார்.

“எப்ப தொடக்கம் தெரியும்?” மனைவியைத்தான் கேட்டார்.

“உங்கட சேட்டுத் தோய்க்கேக்க பைக்குள்ள கிடந்தது.”

“ஏன் கேக்கேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டார். “சொல்ல வெளிக்கிட்டனான். ரெண்டு தரம் கராஜ் வாசல்வரைக்கும் போனனான். சனம் நிண்டது. திரும்பி வந்திட்டன்” என்றார். பிறகு கையை நீட்டினார். நிஸா வளையத்தைக் கொடுத்தாள்.

“இப்பவும் சனம் நிக்கும்” என்றாள் மதிவதனா.

“தெரியும்.”

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். நிஸாவும் பின்னால் நடந்தாள். “நீங்கள் ஏன் வாறீங்கள்?” என்று கேட்டார்.

“எனக்கும் அங்க ஒரு வேலை கிடக்கு.”

சசி ஓட்டோவைத் திருப்பி வைத்திருந்தான். இருவரையும் பார்த்துவிட்டு, ஒரு பகிடியும் விடாமல் ஏறச் சொன்னான்.

*

இராகுலன் லொறிக்குக் கீழே கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். கம்பிரசர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் காலை ஆட்கள் போய், பின்னேர ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் காலையில் வடை கடித்தவர்களில் சிலர் இன்னும் அங்கேயே இருந்தார்கள்.

குணமணி பாதங்களுக்கு முன்னால் போய் நின்றார். யாருக்கும் கேட்காத ஒரு குரலில், “இராகுலன், அது நான் விட்ட பிழை” என்றார்.

“என்ன? கேக்கேல்லை!” லொறிக்குக் கீழிருந்து சத்தம் வந்தது.

“நான் விட்ட பிழை!”

“கம்பிரசர் ஓடுது, பலமாச் சொல்லுங்கோ!”

குணமணி கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினார். காற்று நிரம்பிய கம்பிரசர் தன் வழக்கப்படி டக்கென்று நின்றதும் அந்த நேரத்தில்தான்.

“நான்தான் பிழையாப் பூட்டினனான்! தெரிஞ்சுகொண்டும் உன்னிலதான் பழியைப் போட்டனான்!”

வீதி முழுவதும் கேட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒரு கோப்பை வைக்கும் சத்தமும் இல்லை. குணமணி தலையைக் குனிந்தபடி நின்றார். அந்தப் பாதங்கள் அசையவேயில்லை.

கனநேரத்துக்குப் பிறகு லொறிக்குக் கீழிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கைவரை கறுப்பு. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

“அந்தப் பெரிய ஸ்பானரை ஒருக்கா எடுத்துத் தாங்கோ அத்தான்.” “கலியாணத்துக்கு அக்காவின்ர ஆட்களை ஏத்த வாடகை வான் ஒண்டு சொல்லியிருக்கோ, இல்லையோ?”

குணமணி தட்டில் ஸ்பானரைத் தேடினார். கண்ணில் தண்ணீர் நின்றதால் எது பெரியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் புரட்டினார். சசி குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

நிஸா ஒரு அடி முன்னால் வந்தாள். இனி அவளுடைய முறை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமினாள். கம்பிரசர் திரும்ப ஓடத் தொடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

அது ஓடவில்லை.